வடமும் தோலும்: வீராம்பட்டினம் தேரும் செடல் வழக்கமும்

கலைக்கூடத்துக்குள் நுழையும் ஒருவர் படைப்பைத் தள்ளி நின்று பார்க்காமல், அதைத் தொட்டும் அணிந்தும் அசைத்தும் அதன் ஓர் உறுப்பாகவே ஆகிவிடும் கலைவகை, இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் பிறந்த புதுமையாக மேலை நாட்டுக் கலை வரலாற்றில் பதிவாகியுள்ளது. பிரேசில் நாட்டுக் கலைஞர் எலியோ ஒய்டிசிக்கா 1964 முதல் செய்த, யாராவது உடுத்திக்கொண்டு ஆடினால்தான் முழுமை பெறும் 'பராங்கோலே' என்னும் போர்வைகள் அதற்கு முன்னோடியாகக் காட்டப்படுகின்றன. தோலும் உடலும் தம்மைச் சூழ்ந்த வெளியோடு கொள்ளும் உறவை ஆராய்வதே இக்கலையின் நோக்கம் என்பர். தேர்வடம் பிடித்து வளர்ந்த ஊர்களுக்கு இந்த நோக்கம் புதிதன்று. அதற்கு இடப்பட்ட பெயர்தான் புதிது. புதுச்சேரி நகருக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்துக்கு அப்பால் உள்ள வீராம்பட்டினம் என்னும் மீனவ ஊரில் ஆடி மாதத்து ஐந்தாம் வெள்ளியன்று ஓடும் செங்கழுநீர் அம்மன் தேரும், அதே வட்டாரத்து அம்மன் கோயில்களில் அதே பருவத்தில் நிறைவேற்றப்படும் செடல் என்னும் நேர்த்திக்கடனும், மனிதத் தோலைத் தெய்வமும் ஊரும் அரசும் சந்திக்கும் இடமாக ஆக்கிவைத்த வழக்கங்கள். சென்னை மாகாணத்து ஆங்கில அரசு மக்களின் முதுகில் ஏறிய கொக்கியைத் தடுக்க வழி தேடியது. எல்லைக்கு இப்பாலிருந்த பிரெஞ்சு ஆளுநரோ மீனவரின் வடத்தில் தம் கையையே வைத்தார். இரண்டும் அரசு என்பது உடலைக் கையாண்ட முறைகளே என்பதால், அவற்றைச் சேர்த்துப் பார்ப்பதில் பொருள் உண்டு.

பட்டினம் என்ற சொல் கடற்கரை வணிக ஊரைக் குறிக்கும். இன்றைய வீராம்பட்டினத்தில் வணிகத்தின் தடம் மேற்பார்வைக்குத் தெரியாவிட்டாலும், அதற்குச் சற்று மேற்கே ஆற்றங்கரையில் இருக்கும் அரிக்கமேடு அந்தப் பெயரின் தகுதியை நிறுவுகிறது. வெள்ளிக்கோள் சூரியனைக் கடப்பதைக் காணவென்று 1768-இல் புதுச்சேரி வந்து, 1769 ஜூன் 4 அன்று மேகம் மறைத்ததால் ஏமாந்துபோன பிரெஞ்சு வானியலாளர் லெ ழாந்தீல், வானத்தில் காணாததற்கு ஈடாகவோ என்னவோ, இவ்வாற்றங்கரையில் புலப்பட்ட பழைய செங்கல் சுவர்களையும் கிணறுகளையும் குறித்துவைத்தார். 1930-களில் சிறுவர்கள் பொறுக்கிவந்த மணிகளின் வழியே பிரெஞ்சு அறிஞர் ழுவோ துப்ரேய் இவ்விடத்தின் தொன்மையை அறிந்தார். 1945-இல் மார்ட்டிமர் வீலரும், அவரை அடுத்து ழான் மரி கசாலும், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லியின் குழுவும் இங்கே அகழ்ந்தனர். கசால் 1949-இல் வெளியிட்ட அறிக்கையின் தலைப்பில் வீராம்பட்டினம் என்ற பெயரே அரிக்கமேட்டுக்கு முன்னால் நிற்கிறது. மண்ணிலிருந்து கிடைத்தவற்றில் மதுச்சாடிகளும் ரோமானியத் தட்டுகளும் பெரும்புகழ் பெற்றன; ஆனால் இவ்வூரின் சொந்தத் தொழில் கடுகளவு முதற்கொண்டு செய்யப்பட்ட கண்ணாடி மணிகளும் கல் மணிகளுமே, அதாவது கழுத்திலும் மணிக்கட்டிலும் தோலோடு ஒட்டிக் கிடப்பதற்கென்றே ஆக்கப்பட்ட பொருள்கள்.

ஊரின் பெயருக்கும் கோயிலின் பிறப்புக்கும் மக்கள் சொல்லும் காரணம் வேறு. வீரராகவன் என்னும் மீனவர் செங்கழுநீர் ஓடையில் வலை வீசியபோது மீன் படாமல் ஒரு மரக்கட்டை மட்டும் சிக்கியது என்றும், வீட்டுக்குக் கொண்டுவந்த அக்கட்டையை அவர் மனைவி விறகுக்காகக் கோடரியால் பிளக்க முயன்றபோது வெட்டிய இடத்திலிருந்து இரத்தம் பீறிட்டது என்றும், அதன்பின் அம்மன் தன்னை உணர்த்திக் கோயில்கொண்டாள் என்றும் தலவரலாறு கூறுகிறது. அவர் பெயரால் ஊர் வீராம்பட்டினம் ஆயிற்று. அம்மனின் உடலாக அமைந்தது அந்த மரமே என்பது ஊரார் நம்பிக்கை. வெட்டுப்பட்டுக் குருதி சிந்திய கல்லோ கட்டையோ புற்றோ தெய்வமாகும் கதைகள் தமிழ்நாடெங்கும் உண்டு என்பதால் இதை ஒரு பொதுக் கதைவகை என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் கட்டுமரத்தையே வாழ்வாகக் கொண்ட ஊரில் மரக்கட்டை தோலும் சதையும் உடையதாகச் சொல்லப்படுவதற்குத் தனி அழுத்தம் இருக்கிறது. பட்டையை உரித்த மரத்தின் மேல் ஈரத்தோடு அமர்ந்து ஆயுளைக் கழிப்பவர்களுக்கு, மரமும் உடலும் தொடுகின்ற இடம் எது என்று பிரித்துச் சொல்வது எளிதன்று.

கட்டுமரம் என்பது பெயர் சொல்வது போலவே கட்டிய மரங்கள்தாம்: எடை குறைந்த சில மரங்களை வடிவாகச் செதுக்கி, கயிற்றால் பிணைத்துக் கடலில் தள்ளி, திரும்பியதும் அவிழ்த்துக் காயவைப்பார்கள். படகுக்கு உள் என்றும் வெளி என்றும் உண்டு. கட்டுமரத்துக்கு அது இல்லை. அலை மரங்களின் இடுக்கு வழியே ஏறி வழிந்து போகுமாதலால் மூழ்கும் அச்சமும் இல்லை, நனையாதிருக்கும் வசதியும் இல்லை. கடலின் சூடு குளிர்ச்சியையும் நீரோட்டத்தின் திருப்பத்தையும் மீனவர் காலின் தோலாலேயே முதலில் அறிந்தனர். சோழமண்டலக் கரையில் இதைக் கண்ட ஆங்கிலக் கடலோடி வில்லியம் டாம்பியர் 1697-இல் வெளியான தம் பயண நூலில் விவரித்தார். அச்சொல் ஐரோப்பிய மொழிகளுக்குப் போய், இரட்டை உடற்பகுதி கொண்ட உல்லாசப் படகுக்குப் பெயராகிவிட்டது. புதுச்சேரிக்கு அக்காலத்தில் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட, ஆணி அடிக்காமல் பலகைகளைக் கயிற்றால் தைத்த சலங்கு என்னும் படகில் ஆட்களும் சரக்கும் அலைவரிசையைத் தாண்டிக் கரைசேர வேண்டும். 1866-இல் இரும்புக் கடற்பாலம் கட்டப்படும்வரை, புதிதாக வந்திறங்கிய ஆளுநர்களும் இந்த வழியாகத்தான் வந்தனர்: அலை தூக்கிப்போடும் அந்தச் சில நிமிடங்களில் அவர்களுடைய பதவிக்கு வேலையில்லை, படகோட்டிகளின் கைத்திறமைக்கே வேலை. 1952 புயலில் அப்பாலம் அழிந்தது. 1980-களின் பிற்பகுதியில் கட்டப்பட்ட துறைமுகத் தடுப்புச் சுவர்கள் மணலோட்டத்தை மறித்ததால், முகத்துவாரத்தின் தெற்கே மணல் சேர, வடக்கே நகரின் கடற்கரை அரிக்கப்பட்டது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் கண்ணாடியிழைப் படகுகள் பெருகிக் கட்டுமரம் அருகியது. ஃபைபர் படகில் அமர்ந்திருப்பவர் நனைவது குறைவு. கடலைக் காலால் அறிவதும் குறைவு.

அம்மனுக்கும் தோலுக்கும் உள்ள உறவு தொன்மக்கதையோடு முடிவதில்லை. பெரியம்மை, சின்னம்மை, தட்டம்மை ஆகிய நோய்களைத் தமிழர் அம்மையென்றே அழைத்ததும், கொப்புளங்களை முத்து என்றதும், நோய் கண்டவரைத் தாய் வந்திருக்கிறாள் என்று சொல்லித் தனியறையில் வேப்பிலைமேல் கிடத்தியதும், முத்து இறங்கியபின் தலைக்குத் தண்ணீர் ஊற்றியதும், ஒருவர் தோலின் பரப்பையே தெய்வம் எழுந்தருளும் இடமாகக் கண்ட பார்வையின் கூறுகள். வீட்டு வாசலில் செருகிய வேப்பங்கொத்து, அந்த வீட்டின் வெளி மாறிவிட்டது என்று தெருவுக்கு அறிவித்தது: வெளியூரார் நுழையமாட்டார்கள், தாளிப்பு மணம் எழாது, குரல் உயராது. இதை வெறும் மூடநம்பிக்கையாகவோ, மறைமுகமான தொற்றுத்தடுப்பாகவோ சுருக்கிச் சொல்வது வழக்கமாகிவிட்டது; இரண்டு விளக்கங்களுமே, நோயாளியை அஞ்சியவர்களே அவரை வணங்கவும் செய்தனர் என்ற செய்தியைத் தவறவிடுகின்றன. இந்தியா பெரியம்மை அற்ற நாடு என்று 1977-இல் சான்று பெற்றது. நோய் போயிற்றே தவிர மொழி போகவில்லை. சின்னம்மைக்கும் இன்றளவும் அதே சொற்கள்தாம், வெயில் ஏறிய மாதங்கள் தொடங்கி ஆடி முடியும்வரை அம்மன் கோயில்களுக்குக் கூழும் மஞ்சள்நீரும் தான். பருக்களும் மருக்களும் உதிர வேண்டி உப்பும் மிளகும் கொட்டும் வழக்கமும் பல கோயில்களில் நீடிக்கிறது. உப்பு நீரில் கரைவது போல் மருவும் கரையட்டும் என்பது வேண்டுதலின் உட்கருத்து.

தோலை அம்மனுக்கே திருப்பித் தருவதாக அமைந்த நேர்த்திக்கடன் செடல். அகராதி வழக்கில் செடில் என்றும் பேச்சில் செடல் என்றும் வழங்கும் இச்சொல், முதலில் ஒரு கருவியையே குறித்தது. உயரமான கம்பம் ஒன்றை நட்டு, அதன் உச்சியில் சுழலும்படி நீண்ட குறுக்கு மரம் பொருத்தப்படும். அதன் ஒரு முனையில் இரும்புக் கொக்கிகளும் மறுமுனையில் தரையைத் தொடும் கயிறுகளும் இருக்கும். வேண்டுதல் செய்தவரின் தோள்பட்டைக்குக் கீழே தோலையும் அதன் கீழ்த்தசையையும் பிடித்துத் தூக்கிக் கொக்கியை ஏற்றியதும், மறுமுனையில் நிற்பவர்கள் கயிற்றைக் கீழிழுக்க அவர் மேலெழுவார். அவர்கள் கம்பத்தைச் சுற்றி நடக்க, அவர் ஆள் உயரத்துக்குப் பலமடங்கு மேலே, ஊரின் கூரைகளுக்கு மேலாக வட்டமிடுவார். எலுமிச்சம்பழங்களையோ பூக்களையோ கீழே வீசியபடி அவர் சுழல்வதைக் கண்ட ஐரோப்பியர் பலர் எழுதிவைத்திருக்கின்றனர். பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விஜயநகர நாட்டைப் பற்றி எழுதிய போர்ச்சுகீசியர் துவார்த்தே பர்போசா, திருமணத்துக்கு முன் வேண்டுதல் நிறைவேற்றும் பெண் கொக்கியில் தொங்குவதைக் குறிப்பிட்டார் என்பது கவனத்துக்குரியது, ஏனெனில் பிற்காலப் பதிவுகளில் இது பெரும்பாலும் ஆண்களின் வழக்கமாகவே தோன்றுகிறது. புதுச்சேரியில் வாழ்ந்த பியர் சொன்னரா 1782-இல் வெளியிட்ட பயண நூலில் மாரியம்மன் திருவிழாவின் பகுதியாக இதை விவரித்துப் படமும் சேர்த்தார். செதுக்குத் தகட்டில் அச்சான அப்படங்கள் ஐரோப்பாவில் பரவியபோது, வட்டமிட்டவரின் முகத்திலிருந்த பாவம் எது என்பதில் யாரும் அக்கறை கொள்ளவில்லை. கொக்கியே எல்லோர் கண்ணிலும் பட்டது.

அந்தக் கொக்கியை என்ன செய்வது என்பது ஆங்கில அரசுக்கு நெடுநாள் சிக்கலாக இருந்தது. பூரி ஜகந்நாதர் தேரை 1806-இல் கண்ட பாதிரியார் கிளாடியஸ் புக்கானனின் எழுத்து, தேர்ச்சக்கரத்தின் கீழ் விழுந்து மாயும் பக்தர் என்ற படிமத்தை இங்கிலாந்தில் பரப்பியிருந்தது; அதே சீற்றம் செடிலின் மீதும் திரும்பியது. வங்காள அரசு 1865-இல் அதைத் தடை செய்தது. சென்னை மாகாணம் 1850-களில் மாவட்ட அதிகாரிகளிடம் அறிக்கை கேட்டு, தடைச் சட்டம் வேண்டாம், அறிவுரையால் குறைத்தால் போதும் என்ற நிலையை எடுத்தது. 1891-இல் மதுரை மாவட்டம் சோழவந்தானில் செடில் மீண்டும் பெரிய அளவில் நடந்ததும் கிறித்தவச் சபையினரும் சீர்திருத்தக்காரரும் முறையிட, விவாதம் மறுபடி கிளம்பி, பொது அமைதி காக்கும் 144-ஆம் பிரிவைக் கொண்டு மாஜிஸ்திரேட்டுகள் தடுக்கலாம் என்ற இடத்தில் 1894-ஐ ஒட்டி நின்றது. அந்தக் கோப்புகளில் சுழன்ற கேள்விகள் இன்றைக்கும் பழசாகவில்லை: தொங்குபவர் தன் விருப்பத்தால் தொங்குகிறாரா, அல்லது பிறருடைய வேண்டுதலுக்காகக் கூலி பெற்றுத் தொங்குகிறாரா, சாத்திரத்தில் இல்லாததைச் சமயம் என்று கொள்ளலாமா, வலிக்கவில்லை என்று அவர் சொன்னால் அதை அதிகாரி நம்ப வேண்டுமா. தோல் யாருடையது என்ற ஒரே வினாவின் கிளைகள் இவை. சாத்திரம் படித்த மேல்தட்டினரும் அதிகாரிகளும் ஒரு பக்கம் சேர்ந்துகொள்ள, தோலுக்கு உரியவரின் வாக்குமூலம் பெரும்பாலும் இரண்டாம் இடத்துக்குத் தள்ளப்பட்டது.

வழக்கம் அழியவில்லை, உருமாறியது. புதுச்சேரி, விழுப்புரம், கடலூர் வட்டாரத்தில் இன்று செடல் உற்சவம் என்று சுவரொட்டி ஒட்டாத ஆடி மாதம் இல்லை. முதுகில் வரிசையாகச் சிறு கொக்கிகளை ஏற்றி, அவற்றில் பிணைத்த கயிறுகளால் சிறு தேரையோ, காரையோ, லாரியையோ, பொக்லைன் எந்திரத்தையோ இழுத்துச் செல்வோர் உண்டு. கிரேனில் தொங்கியபடியே அந்தரத்தில் வந்து அம்மனுக்கு மாலை சாற்றுவோரும் உண்டு. பழைய கம்பத்தின் வேலையைக் கிரேன் எடுத்துக்கொண்டது என்றே சொல்லலாம். கொக்கி ஏறும் கணத்தை அருகிலிருந்து பார்த்தால் புலப்படுவது, குத்துபவரின் இரு விரல்கள் தோலைச் சதையிலிருந்து கூடாரம் போல் உயர்த்திப் பிடிக்கும் லாவகம். மஞ்சளும் திருநீறும் பூசிய அந்த மடிப்பில் உலோகம் நுழைந்து வெளிவருவதற்கு ஒரு மூச்சு நேரம் போதும், குருதி பெரும்பாலும் ஒரு சொட்டுக்கு மேல் வருவதில்லை. தோலின் உள்ளடுக்கை ஆக்கும் கொலாஜன் என்னும் நார்ப்புரதம் பல திசைகளில் பின்னிக் கிடப்பதால், எடை பல கொக்கிகளுக்குப் பகிரப்படும்போது அது கிழியாமல் நீள்கிறது. இழுப்பவர் எட்டு வைக்கும்தோறும் முதுகிலிருந்து எழும் தோல், பின்னால் வரும் வண்டியின் எடையைக் கூம்பு கூம்பாக வரைந்து காட்டும்.

இதற்கு நேர் இணையான காட்சியை உலகக் கலை அரங்கில் நிகழ்த்தியவர் ஆஸ்திரேலியக் கலைஞர் ஸ்டெலார்க். 1976 தொடங்கிப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேலாக அவர் தம் தோலில் கொக்கிகளை ஏற்றிப் பலமுறை தொங்கினார். 1985-இல் கோபன்ஹேகனில் அரச நாடக அரங்கின் மேலே கிரேனில் தொங்கிச் சுழன்றார். ஈர்ப்பு விசை இழுத்து நீட்டும் தோல் ஒரு நிலப்பரப்பாக மாறுவதே அவர் கவனத்தில் இருந்தது. பக்தியோ வேண்டுதலோ அவர் முயற்சியில் இல்லை. புதுச்சேரி வட்டாரத்துச் செடலுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு வலியின் அளவில் இல்லை. ஸ்டெலார்க் தனி உடலாகத் தொங்கினார். செடல் குத்தியவரின் கயிற்றைப் பின்னின்று பிடித்து இழுப்பின் வேகத்தை மட்டுப்படுத்துபவர் மாமனோ அண்ணனோ நண்பனோ ஆவார், வழியில் காலுக்குத் தண்ணீர் ஊற்றும் பெண்கள் ஒவ்வொரு வாசலிலும் நிற்பர். அவர் சுமக்கும் வேண்டுதலும் பெரும்பாலும் அவருக்கானதன்று, பிள்ளையின் காய்ச்சலுக்கோ தாயின் அறுவைச் சிகிச்சைக்கோ ஆனது.

வீராம்பட்டினத்துத் தேர்வடம் இதே உறவின் மென்மையான வடிவம்; கொக்கிக்குப் பதில் உள்ளங்கை. வடம் என்பது தேரில் பிணைத்த கைக்கடங்காத தடிமன் உடைய கயிறு. கரைவலை இழுக்கும் மீனவர் கடலைப் பார்த்தபடி பின்னோக்கி அடியெடுத்து, உடம்பின் எடையைக் குதிகாலில் சாய்த்து இழுப்பர். அந்தச் சாய்மானமும், ஒரே குரலுக்கு ஒரே நேரத்தில் தசை இறுகும் பழக்கமும் அவர்களுக்குத் தேர்நாளில் புதிதாகக் கற்க வேண்டியவை அல்ல. வலைக்கயிறு பிடித்துக் காய்ப்பேறிய கைகளுக்கு இடையே நகரத்திலிருந்து வந்தவரின் மென்மையான கையும் ஒரு முழ இடம் பிடிக்கும். தேர் அசைந்த நொடியில் கயிறு கைக்குள் வழுக்கினால், அந்த எரிச்சல் இரண்டு வகைக் கைகளுக்கும் வேறுவேறு. தேரின் சக்கரங்கள் மரபுப்படி திரும்பாதவை, அச்சு அசையாதது. ஆகவே வீதி முனையில் தேரைத் திருப்புவதும், ஓட்டத்தில் நிறுத்துவதும் முட்டுக்கட்டை என்னும் ஆப்பு வடிவ மரத்துண்டுகளின் வேலை. சக்கரத்துக்கு ஒரு சாண் முன்னால் குனிந்து ஓடி, கட்டையைச் சாய்வாகச் செருகி, அது நசுங்கும் ஓசைக்கு முன் கையை எடுத்துவிடும் ஆளின் உடல், கூட்டத்தில் வேறு எவருடைய உடலையும் விட இடத்தைத் துல்லியமாக அளக்கிறது. திருச்சி பெல் நிறுவனம் இரும்புச் சக்கரமும் நீரியல் தடையும் பொருத்திக் கொடுத்த தேர்கள் தமிழ்நாட்டில் பல உண்டு. ஆயினும் முட்டுக்கட்டைக்காரருக்கு இன்னும் வேலை இருக்கிறது.

இந்த வடத்தை ஆளுநர் தொட்டுத் தொடங்கிவைப்பது பிரெஞ்சு ஆட்சிக்காலத்திலிருந்து வரும் வழக்கம். அதன் அருமை புதுச்சேரியின் முந்தைய வரலாற்றோடு வைத்துப் பார்த்தால்தான் விளங்கும். பதினெட்டாம் நூற்றாண்டின் முதற் கால்பகுதியில் இயேசு சபையினரின் வற்புறுத்தலால் இந்துத் திருவிழாக்களுக்குக் கட்டுப்பாடு விதிக்க முயன்றபோது, நெசவாளரும் வணிகரும் ஊரைவிட்டு வெளியேறுவோம் என்று எழுந்ததால் அரசு பின்வாங்கியது. ஆங்கிலேயரின் 1748 முற்றுகையின்போதோ ஆளுநர் துய்ப்ளேக்சின் ஆட்சியில் வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டதை அவருடைய துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் பதிந்துவைத்தார். ஆங்கிலேயரிடமிருந்து ஊர் திரும்பக் கிடைத்தபின், 1819 ஜனவரி 6 ஆணை இந்தியரை அவரவர் சாதியின் சட்டத்துக்கும் வழக்கத்துக்கும் ஏற்பவே நடத்துவதாக உறுதி கூறியது. கோயிலை இடித்த கையும் வடத்தைத் தொட்ட கையும் ஒரே ஆட்சிமரபின் கைகள் என்பதை மறக்காமல் இருந்தால், ஆளுநரின் செயலைப் பரந்த மனத்துக்குச் சான்றாக மட்டும் புகழ்வது சரியாகாது. பெரிய வாய்க்கால் என்னும் கால்வாய் வெள்ளை நகரையும் கறுப்பு நகரையும் பிரித்துவைத்திருந்த ஊரில், யார் எந்தத் தெருவில் குடியிருப்பார் என்பதைத் தோலின் நிறம் முடிவுசெய்தது. ஆண்டுக்கு ஒருநாள் ஆளுநர் அந்தக் கால்வாய்க் கோட்டைக் கடந்து, ஆற்றையும் கடந்து, மீனவர் கை வியர்வை ஊறிய கயிற்றைப் பிடித்தார். மற்ற 364 நாளும் அக்கோடு இருந்த இடத்திலேயே இருந்தது. இருந்தும், வடம் தொடுவதை மீனவர் தம் ஊருக்குக் கிடைத்த மதிப்பாகவே நினைவில் வைத்தனர். வழக்கம் நிலைத்ததற்கு அவர்கள் விடாப்பிடியே காரணம்.

தோலைத் தெய்வத்துக்குத் தரும் வழக்கங்கள் கடலும் கடந்தன. புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் ஒப்பந்தக் கூலிகளாக ரீயூனியன் தீவுக்குப் போன தமிழர் தீமிதியையும் காவடியையும் அங்கே கொண்டுசென்றனர். மலேசியாவின் பத்துமலையிலும் சிங்கப்பூரிலும் அலகுகள் ஆண்டுதோறும் தோலில் ஏறுகின்றன. தேர்வடத்தை ஆளும் பதவியின் கையோடு பிணைத்த வழக்கமோ இங்கேயே தங்கிவிட்டது.

1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் கூடிய 178 மக்கள் பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தனர்; அவ்வாண்டு நவம்பர் 1 அன்று ஆட்சி கைமாறியது; சட்டப்படியான மாற்றம் 1962 ஆகஸ்டு 16 அன்றுதான் முழுமை பெற்றது. பிரெஞ்சு ஆளுநரின் இடத்துக்குத் துணைநிலை ஆளுநரும் முதலமைச்சரும் வந்தனர். தேர்நாளுக்கு உள்ளூர் விடுமுறை விடுவதும் அரசு வழக்கமாயிற்று. ஆடி ஐந்தாம் வெள்ளி பெரும்பாலும் ஆகஸ்டு நடுவில் விழுவதால், விடுதலை நாள் கொடியேற்றமும், கீழூர் நினைவிடத்துச் சட்டபூர்வ இணைப்பு நாளும், செங்கழுநீர் அம்மன் தேரும் சில நாள் இடைவெளியில் அடுத்தடுத்து வருகின்றன. கடற்கரைச் சாலையில் கொடிக்கயிற்றை இழுக்கும் கைக்கு மெல்லிய நூல்கயிறும் இசைக்குழுவும் போதும், கூட்டம் தடுப்புக்கு அப்பால் நிற்கும். வீராம்பட்டினத்தில் பதவியாளர்கள் வடத்தை விட்டுக் காருக்குத் திரும்பியபின்தான் தேர் உண்மையில் நகரத் தொடங்குகிறது. அது நிலைக்குத் திரும்பும்வரை வடத்தில் இருப்பவை ஊராரின் கைகள். அடுத்த விடியலில் அதே கைகள், சிவந்த உள்ளங்கையைக் கடல்நீரில் நனைத்தபடி படகைத் தள்ளும்.